நஞ்சப்பா சாலை ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்க்: ஐந்து வருட வாடிக்கையாளர் எழுதுவது

கோவை டாக்டர் நஞ்சப்பா சாலையில், மத்திய சிறையின் மதிலை ஒட்டி, ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. எண்ணெய் இந்தியன் ஆயிலுடையது. நடத்துவது சிறை மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. குழாயைக் கையில் பிடித்து நிற்பவர்கள் தண்டனைக் கைதிகள். ஐந்து வருடமாக என் ஸ்கூட்டருக்கு அங்கேதான் பெட்ரோல் போடுகிறேன். இதே கோவையில் என் வீடு இருக்கும் ராமநாதபுரத்திலிருந்து அங்கே போக வழியில் வேறு பங்க்குகளைத் தாண்ட வேண்டும். தாண்டித்தான் போகிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சலித்துவிட்டது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பெட்ரோல். இதற்கு முன் நான் வழக்கமாகப் போன பங்க் ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். அங்கே ஒருவர் “கார்டா, ரொக்கமா?” என்று கேட்டு நம் முகத்தைத் தன் பக்கம் திருப்புவார். அந்த நேரத்தில் இன்னொருவர் மீட்டரைச் சைபருக்குக் கொண்டுவராமலே போடத் தொடங்கிவிடுவார். முந்தைய வண்டிக்குப் போட்ட 50 ரூபாய் நம் கணக்கில் ஏறிவிடும். இரண்டு முறை எனக்கு நடந்தது. மூன்றாவது முறை நான் சத்தம் போட்டதும் “பெரியம்மா, வயசாகிவிட்டது, சரியாகப் பாருங்கள்” என்றார்கள். கண்ணாடி போட்டிருந்தாலும் எண் தெரியாத கண் இல்லை எனக்கு. முப்பத்தோரு வருடம் நீதிமன்ற அலுவலகத்தில் எண்களோடும் தேதிகளோடும் குடித்தனம் நடத்தியவள்.

நஞ்சப்பா சாலைக்கு முதல் முறை போனது அந்தக் கோபத்தில்தான். வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தேன். குழாயைச் செருகுவதற்கு முன் அந்த மனிதர் ஒரு அடி விலகி நின்று, மீட்டரைக் கையால் காட்டி, “சைபர் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா” என்றார். நான் பார்த்துத் தலையசைக்கும் வரை குழாயின் பிடியை அழுத்தவில்லை. 300 ரூபாய் ஆனதும் மறுபடி மீட்டரைக் காட்டினார். ஐந்து வருடத்தில் ஆட்கள் எத்தனையோ முறை மாறிவிட்டார்கள். அந்த வாக்கியமும் அந்த ஒரு அடி விலகலும் மாறவில்லை.

இருந்தாலும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. ஒரு நாள் ஐந்து லிட்டர் அளவு கேட்டேன். நிறையப் பேருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள்: எடையளவுத் துறை முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடுதல் குறைச்சலுக்கு அனுமதி. பல இடங்களில் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அல்லது சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்பார்கள். இங்கே கேட்டதும் ஒருவர் உள்ளே போய்க் கலத்தை எடுத்துவந்தார். சமதளமான இடம் பார்த்து வைத்தார். மீட்டரில் ஐந்து வந்ததும் நிறுத்தி, நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தார். கலத்தின் கழுத்தில் இருக்கும் கோட்டைச் சரியாகத் தொட்டு நின்றது பெட்ரோல். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையின் முகம்தான் இருந்தது. சந்தேகப்பட்டதற்கு எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. வண்டித் தொட்டி கொண்டதுபோக மீதியைத் திரும்பச் சேர்த்துக் கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆக, அளவு சரி, கணக்கு சரி, பேச்சில் மரியாதை உண்டு. வரிசையில் நின்றால் முன்னால் வந்தவருக்கு முதலில். கார்க்காரருக்கு முன்னுரிமை, ஸ்கூட்டர்க்காரி காத்திருக்கட்டும் என்ற வழக்கம் கிடையாது. ஒரு பெட்ரோல் பங்க்கிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

ஆனால் நான் எழுத வந்தது பெட்ரோலைப் பற்றி மட்டும் இல்லை.

பணிக்காலம் முழுவதும் இந்த மாவட்டத்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் இருந்தேன். ரிமாண்ட் உத்தரவு, ஜாமீன் உத்தரவு, வாய்தாத் தாள், தண்டனை வாரண்ட் எல்லாம் என் கையால் போனவை. தண்டனை வாரண்ட்டோடு ஒரு ஆள் வேனில் ஏறியதும் எங்கள் கணக்கில் அந்த வழக்குக் கட்டு முடிந்தது. ‘பைசல்’ என்று எழுதி அலமாரியில் ஏற்றிவிடுவோம். கட்டு முடிந்த பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று முப்பத்தோரு வருடத்தில் ஒரு முறையாவது நான் யோசித்திருப்பேனா என்று கேட்டால், இல்லை. ஓய்வு பெற்றபின், ஸ்கூட்டர் மூடியைத் திறந்துகொண்டு நிற்கும்போதுதான், மீதிக் கதை என் எதிரே நிற்கிறது என்று தெரிந்தது.

அவர்களில் ஒருவரோடு நல்ல பழக்கம். தேனிப் பக்கத்துக்காரர், ஆயுள் தண்டனை. என்ன வழக்கு என்று நான் கேட்கவில்லை. பெயரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னது இதுதான்: பன்னிரண்டாவது வருடம் நடக்கிறது. நன்னடத்தை பார்த்து இந்த வேலைக்கு எடுத்தார்கள். கூலி தன் கணக்கில் ஏறுகிறது. அதிலிருந்து மகள் படிப்புக்கு அனுப்புகிறார். “வீட்டில் இருந்தபோது நான் ஒரு பைசா கொடுத்ததில்லை அம்மா, குடித்தே அழித்தேன்” என்றார். சொல்லும்போது கை வேறொரு வண்டியின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. திரும்ப வந்தபோது கேட்டேன். அப்பா இறந்துவிட்டாராம், விடுப்பில் போய்க் கருமாதி முடித்துவிட்டு வந்திருக்கிறார். வெளியே இருப்பவர்கள் பரோல் என்பதை உள்ளே விடுப்பு என்பார்கள். எனக்கு உறைத்தது அந்தச் சொல் இல்லை. திரும்பி வந்திருக்கிறார் என்பதுதான். கடைசி நாள் சாயங்காலம் ஊரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, சிறைவாசலுக்குத் தானே நடந்து வந்து கையெழுத்துப் போட்டு உள்ளே போயிருக்கிறார்.

நாள் முழுவதும் ரொக்கம் புழங்கும் இடம் அது. வாசலில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. எதிரே சாலை, கூப்பிடு தூரத்தில் பஸ் நிலையம். காவலர்கள் உண்டு, ஆனால் சங்கிலி இல்லை. இத்தனை பேர் நிற்கிறார்கள், கணக்கை ஒப்படைக்கிறார்கள், வேலை முடிந்து உள்ளே போகிறார்கள். இதைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு எந்த அறிக்கையைப் படித்துக் காட்டினாலும் நம்பிக்கை வராது. அதனால்தான் போய் ஒரு முறை பெட்ரோல் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்த மதிலுக்குள்தான் வ.உ.சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை அடைபட்டிருந்தார். மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டி இழுக்கவைத்த செக்கு இன்றும் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. கப்பல் விட்ட மனிதரை எண்ணெய் ஆட்டவைத்த அதே வளாகத்தின் வாசலில் இன்று கைதிகள் எண்ணெய் விற்றுக் கூலி வாங்குகிறார்கள். அந்த நூறு வருடத் தூரத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1998-ல்தான்.

சிறை அங்காடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே தயாராகும் பொருள்களை விற்கும் கடை. கோவைச் சிறை நெசவுக்குப் பேர்போனது. நான் வாங்கியது இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று, துண்டுகள் நான்கு. போர்வையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஊடும் பாவும் நெருக்கமாக இருந்தன, வெளிச்சம் ஒழுகவில்லை. ஓரத் தையலில் நூலை இரண்டு முறை ஓட்டி முடிச்சிட்டிருந்தார்கள். மூன்று வருடம் துவைத்தாகிவிட்டது, ஓரம் பிரியவில்லை. கெட்டித் துணி என்பதால் மழைக்காலத்தில் உலர இரண்டு நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு துண்டை நாத்தனாருக்குக் கொடுத்தேன். எங்கே வாங்கினது என்று தெரிந்ததும் “ஜெயில் துண்டா?” என்று கையை எடுத்துக்கொண்டார். அதை நானே வைத்துக்கொண்டேன். இப்போது அவருடைய மகன் கேட்டு வாங்கிப் போகிறான்.

இவ்வளவு பாராட்டியபின் ஒரு மனக்குறையைச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. குறை இந்த பங்க்கின் மீது இல்லை. இதில் வேலை செய்ய யாருக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இங்கே நிற்பவர்கள் எல்லோரும் தண்டனைக் கைதிகள். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் தண்டனைக் கைதிகள் கால் பங்குகூட இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தைத் தொடர்ந்து படிப்பது என் பழைய வழக்கம். 2014 முடிவில் நாட்டின் சிறைகளில் 4,18,536 பேர் இருந்தார்கள். 2022 முடிவில் 5,73,220 பேர். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் கூடிவிட்டார்கள். நாட்டில் குற்றவாளிகள் பெருகிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுவதற்கு இந்த எண் போதும். அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். தண்டனை பெற்றவர்கள் 2014-ல் 1,31,517, 2022-ல் 1,33,415. எட்டு வருடத்தில் இரண்டாயிரம் பேர்கூடக் கூடவில்லை. கூடியது யார்? விசாரணைக் கைதிகள். 2,82,879-லிருந்து 4,34,302. அதாவது, சேர்ந்த ஒன்றரை லட்சத்தில் அநேகமாக எல்லோரும் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நூறு பேரில் 68 பேராக இருந்தவர்கள் 76 பேராகிவிட்டார்கள். அந்த வருடம் நாட்டின் 1,330 சிறைகளில் மொத்த இடமே 4,36,266 பேருக்குத்தான். விசாரணைக் கைதிகள் மட்டுமே அதை அநேகமாக நிரப்பிவிட்டார்கள்.

கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைத்து நெரிசலைக் குறைக்கச் சொன்னது. பலரை விட்டார்கள். அந்த வருட முடிவில் 4,88,511 பேர் இருந்தார்கள். மறு வருட முடிவில் அது 5,54,034. வாளியால் இறைத்ததைக் குழாய் நிரப்பிவிட்டது.

தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறு. இங்கே இடத்துக்கு மேல் ஆட்கள் இல்லை; உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் இருக்கிற நெருக்கடி நமக்கு இல்லை. ஆனால் 1982-ம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்தின் புண்ணியத்தில், விசாரணையே இல்லாத தடுப்புக் காவலில் நாம்தான் முன்வரிசையில் நிற்கிறோம். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

விசாரணைக் கைதிக்குச் சிறையில் கட்டாய வேலை கிடையாது. சட்டப்படி அவர் நிரபராதி. அந்தச் சட்டத்தின் நோக்கம் நல்லது. நடைமுறையில் என்ன ஆகிறது? கொலைக்குத் தண்டனை பெற்றவருக்கு ஒரு சீருடை, கூலி, வெளிக்காற்று, “நன்றி அண்ணா” என்று சொல்லும் வாடிக்கையாளர்கள். கம்பித் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆனவனுக்குச் சுவரைப் பார்த்து உட்காரும் வேலை. தேனிக்காரருக்குக் கிடைத்ததைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மற்றவன் அங்கே இருக்கவே கூடாது என்கிறேன்.

அந்தக் கம்பித் திருட்டுப் பையனைச் சொல்லியே ஆக வேண்டும். எட்டு, ஒன்பது வருடம் முன்பு, நான் இருந்த ஒரு நீதிமன்றம். வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன். வேலை செய்த இடத்தில் கம்பித் துண்டுகளை எடுத்து விற்றான் என்று வழக்கு. பொருளின் மதிப்பு இரண்டாயிரத்துச் சொச்சம். பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது. மூன்றாம் வாரமே ஜாமீன் உத்தரவானது. தலைக்கு 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், உள்ளூர்க்காரர்கள், வீட்டு வரி ரசீதோடு. உத்தரவைத் தட்டச்சு செய்து சரிபார்த்தவள் நான். அந்த வரியில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. ஆயிரம் உத்தரவுகளில் இருக்கும் வரிதான். இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தது மேஸ்திரியும் அவனோடு படுத்துறங்கிய எட்டுப் பேரும். வீட்டு வரி ரசீது வைத்திருப்பவர் யார் அவனுக்காக வருவார்?

97 நாள். ஜாமீன் கையில் வைத்துக்கொண்டு 97 நாள் இருந்தான். வாய்தாவுக்கு வாய்தா வருவான், கூண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான், போவான். கடைசியில் ஒரு நாள் “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டான். ஏற்கெனவே இருந்த காலமே தண்டனை என்று தீர்ப்பானது, அன்றே வெளியே போனான். அவன் உண்மையில் எடுத்தானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்குப் போவதற்கு அது ஒன்றுதான் வழி என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல் ‘பைசல்’ என்று எழுதினேன். இன்றைக்கு என் பேனாவில் எழுதிய எழுத்துகளில் நான் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புவது அந்த மூன்று எழுத்தைத்தான்.

இது புதிய அநியாயமும் இல்லை. 1978-ல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில், ஒரு தமிழனோ மலையாளியோ வடக்கில் எங்கேயாவது பிடிபட்டால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டார். மறு வருடம் ஹுசைனாரா கத்தூன் வழக்கு: பீகார் சிறைகளில், தங்கள் மீதான குற்றத்துக்கு விதிக்கக்கூடிய தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக்காகவே கிடந்தவர்களின் கதை. நாற்பது வருடம் கழித்து, வடக்கிலிருந்து வந்த ஒரு கொத்து வேலைப் பையன் கோவையில் அதே கதவில் முட்டிக்கொண்டான். கேள்வி அப்படியே இருக்கிறது, திசைதான் மாறியிருக்கிறது.

நல்லது நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது. ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் போகவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம். அதே 2023-ல் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டம் வந்தது. அப்போது அறிவித்தது ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, அபராதத்துக்கு 25,000 வரை. புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விடச் சொல்கிறது. மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடம். 97 நாள் கிடந்தவனுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேண்டியிருந்தது, ஜாமீன்தாரர் கேட்காமல் சொந்தப் பிணையில் விடும் ஒரு வரி உத்தரவு. அதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பையனின் வழக்கு 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்திருந்தால் ஒரு விஷயம் மாறியிருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா முதல் முறையாகச் சமுதாயச் சேவையை ஒரு தண்டனையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆறு குற்றங்களுக்கு மட்டும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்வது அதில் ஒன்று. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடி, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டவரும் அதில் அடக்கம். அவருக்குச் சமுதாயச் சேவைதான் தண்டனை. கூலி இல்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலை. அரசு மருத்துவமனைத் தோட்டத்தில் அந்தப் பையன் மண்வெட்டி பிடித்திருக்கலாம், ராத்திரி தன் பாயில் படுத்திருக்கலாம், மாதச் சம்பளம் அம்மாவுக்குப் போயிருக்கும்.

ஆறு குற்றம் போதாது. அதைவிட எனக்கு ஆற்றாமை தருவது 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். குற்றம் நிரூபணமானாலும், சூழ்நிலையையும் ஆளையும் பார்த்து, எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ வீட்டுக்கு அனுப்பலாம். இருபத்தொரு வயதுக்குக் கீழே என்றால், சில பெருங்குற்றங்கள் தவிர, சிறைக்கு அனுப்புவதற்குத்தான் காரணம் எழுத வேண்டும்; அனுப்பாமல் இருப்பதற்கு இல்லை. மத்தியச் சட்டம் வருவதற்கு இருபது வருடம் முன்பே சென்னை மாகாணத்துக்குத் தனியாக இப்படி ஒரு சட்டம் இருந்தது. அந்த அளவுக்கு முன்னோடி நாம். ஆனால் என் பணிக்காலத்தில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டு எழுதிய கடிதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் அறிக்கை வர நாளாகும், வாய்தா கூடும், நிலுவைக் கணக்கு ஏறும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று எழுதிவிட்டால் கட்டு அன்றைக்கே முடிந்துவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. கட்டு சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

என் மைத்துனர் ஒருவர் கேட்டார்: “எல்லோரையும் வெளியே விட்டுவிட்டால், வெட்டுப்பட்டவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?” இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் தீர்ப்பு நாளில் எங்கள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அவர்களில் ஒருவர் இந்த பங்க்குக்கு வந்து, தன் மகனைக் கொன்றவர் சிரித்த முகத்தோடு பெட்ரோல் போடுவதைப் பார்த்தால் என்ன பாடுபடுவார் என்று யோசித்திருக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மைத்துனர் பயப்படுகிற ஆள், பன்னிரண்டு வருடம் கழித்தவர், பட்டப்பகலில் நஞ்சப்பா சாலையில் நின்று மைத்துனரின் காருக்கே டீசல் போட்டிருக்கிறார். அவரை நம்பி வெளியே நிறுத்த முடிகிற அரசுக்கு, கம்பித் துண்டு எடுத்த பையனை அவன் அறையிலேயே விட்டுவைக்க முடியாதா?

இன்னும் துணிச்சலான இடங்கள் நாட்டில் இருக்கின்றன. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேர் திறந்தவெளிச் சிறை 1963 முதல் இருக்கிறது. கைதிகள் மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். காலையில் ஊருக்குள் வேலைக்குப் போய் மாலையில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கும் சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு என்று திறந்தவெளிச் சிறைகள் உண்டு. அங்கே விவசாயம் நடக்கிறது. ஆனால் குடும்பத்தோடு வைத்து, ஊருக்குள் வேலைக்கு அனுப்பும் துணிச்சல் நமக்கு இன்னும் வரவில்லை. புழலில் 2023-ல் பெண் கைதிகளே நடத்தும் பங்க் ஒன்று திறந்தார்கள். சென்னை போகும்போது அங்கே ஒரு முறை போக வேண்டும் என்று மனதில் குறித்துவைத்திருக்கிறேன்.

கோவைச் சிறையைப் பிளிச்சிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. சிறை நிலத்தில் ஒரு பகுதி செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. சிறை போனபின் இந்த பங்க் என்னவாகும் என்பதுதான் என் கவலை. ஊருக்கு வெளியே, லாரிகள் மட்டும் போகும் சாலையில் இதைக் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது. ஆபீஸ் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கைக்குழந்தைக்காரிகளும் வந்து நிற்கிற இடத்தில் இருப்பதால்தான் இது பெட்ரோல் விற்பதற்கு மேலான ஒரு வேலையைச் செய்கிறது. அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், நஞ்சப்பா சாலையிலேயே விட்டுவையுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டு மணிக்கு முன் போனால் வரிசை குறைவு. சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை காந்திபுரம் நெரிசல் முழுவதும் அங்கே வந்து நிற்கும். அவசரம் என்றால் அந்த நேரம் வேண்டாம். அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் கலத்தைக் கேளுங்கள், கொண்டுவருவார்கள். அங்காடியில் துண்டு நன்றாக இருக்கும், போர்வை அதைவிட. யாரிடமும் என்ன வழக்கு என்று கேட்காதீர்கள். இன்னொன்று. சிலர் ரூபாய் நோட்டைக் கையில் கொடுக்காமல் குழாய் மாட்டும் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். போன வாரம் என் முன்னால் நின்ற ஒருவர் வைத்த 200 ரூபாய் காற்றில் பறந்துவிட்டது. தேனிக்காரர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடி, குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, மீதி நாற்பது ரூபாயை அவரிடம் நீட்டினார். கையில் கொடுங்கள்.